குதிரை ட்ரெய்லருக்குப் புது டயர்: பழைய டயரின் அறிகுறியைப் பார்த்து முடிவெடுங்கள்

குதிரை ட்ரெய்லரின் டயர் ஓடித் தேய்ந்து சாவது அபூர்வம். நின்ற இடத்திலேயே காய்ந்து சாகும், இல்லையென்றால் பாரம் தாங்காமல் வெடித்துச் சாகும். பட்டன், அதாவது தரையைத் தொடும் மேல் வரிப்பள்ளங்கள், முழுசாக இருக்கும்போதே டயர் போய்விடுவதால், "அதே சைஸில் ஒன்று கொடுங்க" என்று வாங்கி மாட்டிவிட்டுக் கிளம்புவதுதான் வழக்கமாக நடக்கிறது. அப்படிச் செய்தால் பழைய டயரைக் கொன்ற காரணம் புது டயரையும் கொல்லும். அதனால் கழற்றிய டயரைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் அதைப் பாருங்கள். எந்த டயர் வாங்க வேண்டும், அல்லது டயருக்கு முன்னால் வேறு எதைச் சரிசெய்ய வேண்டும் என்பது அதிலேயே தெரியும். உங்கள் டயரில் இருக்கும் அறிகுறியைக் கீழே தேடிக்கொள்ளுங்கள்.

பட்டன் நன்றாக இருக்கிறது, பக்கச்சுவரில் மெல்லிய வெடிப்புகள்

இது வயது. ரப்பரில் கலந்திருக்கும் பாதுகாப்பு மெழுகு, டயர் உருண்டு வளைந்து கொடுக்கும்போதுதான் மேற்பரப்புக்கு வரும். வாரக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும் ட்ரெய்லருக்கு அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை. வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் ரப்பரைக் காய வைத்துவிடும்.

வயதை எப்படிப் பார்ப்பது? பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2319 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. முழு வரிசை ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம். வெளிப்பக்கம் காணவில்லை என்றால் ட்ரெய்லருக்கு அடியில் குனிந்து உட்பக்கம் பாருங்கள். மூன்று இலக்கம்தான் இருக்கிறதா? அது 2000க்கு முன் செய்தது, யோசிக்கவே வேண்டாம்.

ட்ரெய்லர் டயருக்கு 3 முதல் 5 ஆண்டு என்பதுதான் இந்தத் தொழிலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. நிழலில், மூடி வைத்து, காற்றுக் குறையாமல் பார்த்துக்கொண்டால் ஐந்தாவது ஆண்டை ஓட்டலாம். ஆறாவது ஆண்டு டயரில் உயிருள்ள பாரத்தை ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை, பட்டன் எவ்வளவு இருந்தாலும்.

இந்த அறிகுறிக்கு அதே சைஸ், அதே ரகம் வாங்கினால் போதும். ஆனால் கடையில் மாட்டுவதற்கு முன்னாலேயே தேதியைப் படித்துப் பாருங்கள். ஆறு மாதத்துக்குள் செய்தது என்றால் நல்லது, ஒரு வருடம் வரை ஏற்கலாம். இரண்டு வருடம் அடுக்கில் கிடந்ததை விலை குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம், உங்கள் டயரின் பாதி ஆயுள் அங்கேயே முடிந்திருக்கும். அப்புறம், பளபளப்புக்காகப் பூசும் எண்ணெய்ப் பசை வகைகளை இதில் தடவாதீர்கள். சில வகைகள் அந்தப் பாதுகாப்பு மெழுகையே கரைத்துவிடும்.

ஓட்டத்தில் வெடித்தது, அல்லது மேல்பட்டை உரிந்து போனது

பலரும் ஆணி, கல் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். முக்கால்வாசி நேரம் காரணம் சூடுதான். காற்றுக் குறைவு, அதிக பாரம், அதிக வேகம், இந்த மூன்றில் ஏதாவது இரண்டு சேர்ந்தாலே டயர் உள்ளுக்குள் வெந்து, மேல்பட்டைக்கு அடியில் இருக்கும் எஃகு பெல்ட் ரப்பரிலிருந்து பிரிந்துவிடும்.

எது காரணம் என்று பார்க்க, ரிம்மிலிருந்து பிரித்த டயருக்குள் கையை விட்டுத் தடவுங்கள். விரலில் கறுப்பு ரப்பர்த் தூள் ஒட்டினாலோ, பக்கச்சுவரின் உட்புறம் சுற்றிலும் உரசி மங்கிய வளையம் தெரிந்தாலோ, அந்த டயர் காற்றுக் குறைந்த நிலையில் நெடுந்தூரம் ஓடியிருக்கிறது. இருக்க வேண்டிய அழுத்தத்தில் 20 சதவீதம் குறைந்து ஓடினாலே காற்றில்லாமல் ஓடியதாகத்தான் கனரக டயர்த் தொழிலில் கணக்கு வைப்பார்கள். உட்புறம் சுத்தமாக இருந்து மேல்பட்டை மட்டும் உரிந்திருந்தால் பாரத்தையும் வேகத்தையும் வயதையும் சந்தேகப்படுங்கள்.

பாரக் கணக்கை எல்லாரும் மனசில் போடுவார்கள், அங்கேதான் தப்பு நடக்கும். காலி ட்ரெய்லர் 1,500 கிலோ, பெரிய குதிரைகள் இரண்டு சேர்ந்து 1,300 கிலோ, சேணம், வைக்கோல், தண்ணீர், தரை ரப்பர் விரிப்பு எல்லாம் 250 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 3,050. நான்கு சக்கரத்துக்குப் பங்கு போட்டால் ஒன்றுக்குச் சுமார் 763 கிலோ. ட்ரெய்லரில் இருப்பது எஸ்.டி. (ட்ரெய்லருக்கென்றே செய்த டயர்) 205/75 ஆர் 15, சி ரகம். சி, டி, இ என்பவை டயர் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைக் காட்டும் எழுத்துகள், சி குறைவு, இ அதிகம். அதன் தாங்குதிறன் 825 கிலோ. தாளில் பார்த்தால் பாஸ். ஆனால் கையிருப்பு வெறும் 62 கிலோ. குதிரை என்ன மூட்டையா, வைத்த இடத்தில் இருக்க? வளைவில் சாயும், பிரேக் போட்டால் முன்னுக்கு வரும், பக்கத்துக் குதிரையை இடித்துக்கொண்டு ஒரே பக்கம் நிற்கும். அந்த நேரத்தில் ஒரு சக்கரம் மட்டும் 825ஐத் தாண்டிவிடும். இழுக்கும் வண்டியின் கொக்கிமேல் கொஞ்சம் பாரம் இறங்குவது உண்மைதான், நான் அதைக் கழிப்பதில்லை. அது ஓசியில் கிடைக்கும் பாதுகாப்பு, இருந்துவிட்டுப் போகட்டும்.

20 சதவீதம் கையிருப்பு வேண்டும் என்றால் 763ஐ 0.8ஆல் வகுங்கள். ஏறத்தாழ 954 கிலோ வருகிறது. அதே 205/75 ஆர் 15 சைஸில் டி ரகம் எடுத்தால் 975 கிலோ தாங்கும். சைஸ் மாறவில்லை, மட்கார்டில் இடிக்காது, எழுத்து மட்டும் மாறியது. இப்படி எழுத்தில் ஒரு படி ஏறுவதுதான் பெரும்பாலான ட்ரெய்லர்களுக்குச் சரியான தீர்வு.

ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. சி ரகம் 50 பி.எஸ்.ஐ. காற்றழுத்தத்தில் தன் முழு பாரத்தைத் தாங்கும், டி ரகத்துக்கு 65, இ ரகத்துக்கு 80. டி ரக டயரை வாங்கி மாட்டிவிட்டுப் பழைய பழக்கத்தில் 50 அடித்தால், அது தாங்குவது அதே 825 கிலோதான். கூடுதல் காசு கொடுத்து ஒன்றும் கிடைக்கவில்லை. பாரத்தைத் தாங்குவது ரப்பர் இல்லை, உள்ளே இருக்கும் காற்று. புது டயருக்கு எவ்வளவு அடிக்க வேண்டும் என்பதை டயர் கம்பெனியின் பாரம்–அழுத்தம் அட்டவணையில் பாருங்கள். அது கிடைக்காவிட்டால் பக்கச்சுவரில் எழுதியிருக்கும் உச்ச அழுத்தத்தை அடியுங்கள். ரிம்மும் வால்வும் அதைத் தாங்குமா என்று முதலில் உறுதி செய்துகொண்டு அடியுங்கள்.

குதிரைகளின் எடையை ஊகிக்காமல் எடை மேடைக்குப் போய்விடுங்கள். குதிரை, தண்ணீர், தீவனம் எல்லாம் ஏற்றிய நிலையில், முடிந்தால் ஒவ்வொரு ஆக்சிலையும் தனித்தனியாக நிறுத்துப் பாருங்கள். முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் பெரிய வித்தியாசம் வந்தால் கொக்கியின் உயரம் தப்பு. ட்ரெய்லரின் மூக்கு தூக்கி நின்றால் பின் டயர்களும், மூக்கு இறங்கி நின்றால் முன் டயர்களும் கூடுதலாகச் சுமக்கும். வில்பட்டை வைத்த ட்ரெய்லரில் நடுவில் இருக்கும் சமன் தகடு இதை ஓரளவு பகிர்ந்துவிடும். வில்பட்டைக்குப் பதில் ரப்பரே அதிர்வைத் தாங்கும் டார்ஷன் ஆக்சிலில் அந்தப் பகிர்வு கிடையாது, சமதளமாக நிற்பது அங்கே கட்டாயம்.

ஒரே ஒரு குதிரையை ஏற்றும்போது சாலையின் நடுப்பக்கம் இருக்கும் அறையில் ஏற்றுங்கள். இடதுபுறம் ஓட்டும் நாட்டில் அது வலது அறை, வலதுபுறம் ஓட்டும் நாட்டில் இடது அறை. சாலை ஓரத்துக்குச் சரிவாக இருப்பதால் ஓரப் பக்க டயர்கள் ஏற்கெனவே கொஞ்சம் அதிகம் சுமக்கின்றன.

கடைசியாக, வெடித்த டயருக்கு அதே பக்கத்தில் இருக்கும் ஜோடி டயரை மறந்துவிடாதீர்கள். வண்டியை நிறுத்தும்வரை இரண்டு டயரின் பாரத்தையும் அதுவே சுமந்திருக்கும். வெளியே ஒரு கீறலும் இருக்காது, உள்ளே பெல்ட் ஆட்டம் கண்டிருக்கும். ஒன்று வெடித்தால் இரண்டு மாற்றுவதுதான் என் வழக்கம். நான்கும் ஒரே வயது என்றால் நான்கையும் மாற்றிவிடுங்கள்.

நடுவில் மட்டும், அல்லது இரண்டு ஓரமும் தேய்ந்திருக்கிறது

நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்றுக் குறைவு அல்லது பாரம் அதிகம். முதலாவதற்குப் புது ரகம் தேவையில்லை, காற்றழுத்தம் பார்க்கும் மீட்டரை மட்டும் சரிபாருங்கள். இரண்டாவதற்கு மேலே சொன்ன எடைக் கணக்கைப் போடுங்கள். காற்றைக் குளிர்ந்த டயரில்தான் பார்க்க வேண்டும், அதாவது வண்டி நின்று மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் ஏறித்தான் இருக்கும், அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கிவிடாதீர்கள். வெளிக் காற்றின் வெப்பம் 5, 6 டிகிரி மாறினாலே அழுத்தம் சுமார் 2 சதவீதம் மாறும், அதனால் பருவம் மாறும்போதெல்லாம் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

ஒரே ஓரம் மட்டும் தேய்கிறது, அல்லது கையில் ரம்பம்போல் தட்டுகிறது

உள்ளங்கையை டயரின் மேல் குறுக்காக ஒரு திசையில் இழுங்கள், அப்புறம் எதிர்த் திசையில் இழுங்கள். ஒரு பக்கம் வழுவழுப்பு, மறுபக்கம் பட்டன் ஓரங்கள் சொரசொரவென்று கையைப் பிடிக்கிறதா? சக்கரம் நேராக உருளாமல் சற்றே கோணலாக இழுபடுகிறது. ஒரே ஓரத் தேய்வு என்றால் ஆக்சில் வளைந்திருக்கலாம், பள்ளத்தில் அடித்ததாலோ பல வருடம் பாரம் ஏற்றியதாலோ. அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் பேலன்சிங் இல்லை, அல்லது பேரிங் தளர்ந்திருக்கிறது. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள், பேரிங் லூசாக இருந்தால் கையிலேயே தெரியும். ஒரே இடத்தில் வழித்ததுபோல் தட்டையாக இருந்தால் பிரேக் பிடித்து இழுத்திருக்கிறது.

இந்த அறிகுறி இருக்கும்போது புது டயர் வாங்கி மாட்டாதீர்கள். ஆக்சில் வேலையை முடியுங்கள், பேரிங்கைப் பாருங்கள், அதற்குப் பிறகு டயர். இரட்டை ஆக்சில் ட்ரெய்லரைக் குறுகிய இடத்தில் வளைத்துத் திருப்பும்போது டயர்கள் பக்கவாட்டில் இழுபடுவது இயல்பு, அதனால் கொஞ்சம் ஓரத் தேய்வு எல்லா ட்ரெய்லரிலும் இருக்கும்.

பக்கச்சுவரில் புடைப்பு, அல்லது பள்ளம்

வெளியே புடைத்திருந்தால் உள்ளே ரப்பருக்குள் பதிந்திருக்கும் நூல் அறுந்துவிட்டது. அடுத்த ஊர்வரை மெதுவாக ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்காதீர்கள், மாற்றிவிட்டுக் கிளம்புங்கள். உள்ளே அமுங்கியதுபோல் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய பள்ளக் கோடு இருந்தால் அது வேறு. நூல் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடம் அது, ரேடியல் டயரில் சகஜம், கோளாறு இல்லை. மேல்பட்டையில் ஒரு இடம் மட்டும் மேடாக இருந்து ஓட்டும்போது டக் டக்கென்று அதிர்ந்தால் பெல்ட் பிரியத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்தப் பட்டை உரிந்து அடிக்கும் அடியில் மட்கார்டு கிழியும், சில சமயம் தரைப் பலகைக்கும் சேதம் வரும். மேலே நிற்பது குதிரையின் கால்.

புது டயர் மாட்டியதிலிருந்து ட்ரெய்லர் பின்னால் ஆடுகிறது

என்ன வகை டயரை மாட்டினார்கள் என்று பக்கச்சுவரில் பாருங்கள். அளவுக்கு முன்னால் எஸ்.டி. என்றிருந்தால் ட்ரெய்லருக்கென்றே செய்தது, எல்.டி. என்றால் சிறு லாரி வகை, பி என்றால் கார் டயர். சில நாடுகளில் இதற்குப் பதிலாக எஃப்.ஆர்.டி. என்ற முத்திரையைப் பார்ப்பீர்கள். தானாக ஓடாமல் இழுபட்டு உருளும் சக்கரத்துக்கு மட்டும் என்று பொருள்.

கார் டயரின் பக்கச்சுவர் சொகுசுக்காக மெத்தென்று இருக்கும். உயரமான ட்ரெய்லரில் 600 கிலோ குதிரை காலை மாற்றி வைக்கும்போது அந்த மென்மைதான் ஆட்டமாக மாறும். அதோடு, கார் டயரை ட்ரெய்லரில் போட்டால் அதன் பாரத் திறனை 1.1ஆல் வகுத்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. குதிரை ட்ரெய்லருக்குக் கார் டயர் வேண்டாம் என்றே சொல்வேன்.

எல்.டி. விஷயத்தில் சண்டையே உண்டு. கட்டுமானம் நல்லது, அடிக்கடி நெடுந்தூரம் போகிறவர்கள் விரும்பி மாட்டுகிறார்கள். ஆனால் அளவு ஒன்றே ஆனாலும் தாங்குதிறன் ஒன்றல்ல. 235/85 ஆர் 16, இ ரகத்தில் எஸ்.டி. டயர் ஏறத்தாழ 1,650 கிலோ தாங்கும், எல்.டி. சுமார் 1,380 கிலோதான். எஸ்.டி.க்கு அந்தக் கூடுதல் பாரம் கிடைப்பதே குறைந்த வேகத்தைக் கணக்கில் வைத்துத்தான். வேக எழுத்து எதுவும் இல்லாத எஸ்.டி. டயருக்கு மணிக்கு 105 கிலோமீட்டர்தான் எல்லை. எழுத்து இருந்தால் கே 110, எல் 120, எம் 130, என் 140. எல்.டி.க்கு மாறுவதாக இருந்தால் எடைக் கணக்கைப் போட்டு, கையிருப்பு மிஞ்சினால் மாறுங்கள். ரேடியலையும் பழைய குறுக்கு நூல் டயரையும் மட்டும் ஒரே ட்ரெய்லரில் கலக்காதீர்கள்.

டயர் வகை சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் ஆடுகிறதா? அப்போது டயரை விட்டுவிட்டுக் கொக்கிமேல் இறங்கும் பாரத்தைப் பாருங்கள். பின்பக்கம் இழுக்கும் சாதாரண ட்ரெய்லரில் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கிமேல் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் எந்த டயர் போட்டாலும் வால் ஆடும்.

புது டயர், ஆனால் காற்று இறங்கிக்கொண்டே இருக்கிறது

சோப்புத் தண்ணீரை வால்வின் அடியில் விடுங்கள். பழைய ரப்பர் வால்வையே விட்டுவிட்டு டயரை மட்டும் மாற்றியிருப்பார்கள். சாதாரண ரப்பர் வால்வு 65 பி.எஸ்.ஐ. வரைதான் தாங்கும். 80 அடிக்கும் டயருக்கு உலோக வால்வு, அல்லது உயர் அழுத்த வால்வு போட்டாக வேண்டும். ரிம்முக்கும் இதே கதைதான். அது தாங்கும் பாரமும் அழுத்தமும் பெரும்பாலும் பின்பக்கம் பொறித்திருக்கும். டயர் இ, ரிம் சி என்றால் உங்கள் ட்ரெய்லர் சி ரகம்தான். ரிம்மின் விளிம்பில் துரு செதில் செதிலாக இருந்தாலும் காற்று கசியும், கம்பித் தூரிகையால் தேய்த்துச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

பெரிய சைஸ் போட்டேன், உரசுகிறது

டயரின் உயரம் கூடினால் மட்கார்டுக்கும், பக்கத்து டயருக்கும் உள்ள இடைவெளி குறையும். காலியாக நிற்கும்போது இடிக்காது, குதிரை ஏறி ஸ்பிரிங் அமுங்கியதும் இடிக்கும். குதிரை ஏறும் படியின் உயரமும் கூடிவிடும். பெரிய சைஸைவிட அதே சைஸில் உயர்ந்த எழுத்தைத் தேடுவது எப்போதும் சுலபம்.

ஒரு சக்கரம் மட்டும் கைவைக்க முடியாத சூடு

வழியில் நிறுத்தும்போதெல்லாம் நான்கு சக்கரத்தின் நடுக் குமிழிலும் புறங்கையைக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் பேரிங்கோ ஒட்டிக்கொண்ட பிரேக்கோ. அந்தச் சூடு டயரையும் சேர்த்து அழிக்கும். பேரிங்குக்கு வருடத்துக்கு ஒருமுறை கிரீஸ் மாற்றினாலே பாதிப் பிரச்சினை போய்விடும்.

மாட்டிய பிறகு

நட்டுகளை எதிரெதிராக, டார்க் ரெஞ்சால் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்), கையேட்டில் சொன்ன அளவுக்கு முடுக்குங்கள். முதல் 15, 40, 80 கிலோமீட்டரில் நிறுத்தி மறுபடி பாருங்கள். புதிதாக மாட்டிய சக்கரத்தில் நட்டு தளர்வது சாதாரணமாக நடக்கும்.

ஸ்டெப்னியும் அதே சைஸ், அதே எழுத்தாக இருக்கட்டும். ட்ரெய்லர் வாங்கிய நாளிலிருந்து தரையையே தொடாத ஸ்டெப்னியின் டி.ஓ.டி. எண்ணையும் போய்ப் படியுங்கள், பெரும்பாலும் கூட்டத்திலேயே மூத்தது அதுவாகத்தான் இருக்கும்.

வழியில் மாற்ற வேண்டி வந்தால் குதிரைகளை நெடுஞ்சாலையில் இறக்காதீர்கள். இரட்டை ஆக்சில் என்றால் ஜாக்கியும் தேவைப்படாது. காற்றுப்போன சக்கரத்தின் நட்டுகளை லேசாகத் தளர்த்திவிட்டு, அதே பக்கத்து நல்ல சக்கரத்தின் முன்னால் ஒரு சாய்வுக் கட்டையை வைத்து, வண்டியை மெதுவாக அதன்மேல் ஏற்றுங்கள். பஞ்சரான சக்கரம் தரையிலிருந்து தானாக எழும்பும். இழுக்கும் வண்டியின் கைப்பிரேக்கைப் போட்டு, மறுபக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்த பிறகு நட்டைக் கழற்றுங்கள்.